எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்த நேரம். காற்றாலைக்காரர்களுக்கு அதுதான் சீசன். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அடிக்கிற காற்றை நம்பித்தான் வருஷக் கணக்கே. மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சைட்டிலிருந்து அண்ணாச்சி கூப்பிட்டார்.

"தம்பி, சாப்டாச்சா? ஒங்க ஸ்கிரீன்ல 14ஆம் நம்பர் என்ன காட்டுது?"

"பச்சைதான் அண்ணாச்சி. எல்லாமே பச்சையாத்தான் இருக்கு."

"இங்க மெஷின் டிரிப் ஆகி நிக்கி. மேல ஏறிப் பாத்த பையன் எண்ணெய் கருகுன வாடை வருதுங்கான். நீங்க பச்சைன்னு சொல்லுதிய."

காற்றாலையை நிறுத்துவது எங்கள் வேலை இல்லை. அதன் கண்ட்ரோலருக்கென்று தனி சென்சார் உண்டு, சூடு எல்லை தாண்டினால் அதுவே நிறுத்திவிடும். அன்றும் அப்படித்தான் நின்றது. நாங்கள் கியர்பாக்ஸ் பேரிங்கில் கூடுதலாக ஒரு சென்சார் மாட்டி, சூடு மெல்ல ஏறும்போதே ஆளை எழுப்புகிற மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். முன்கூட்டிச் சொல்வதற்குத்தான் எங்களுக்குக் காசு. பேரிங் கருகி முடிந்த பிறகும் எங்கள் திரையில் 14ஆம் கட்டம் பச்சைப்பசேல் என்று இருந்தது.

சோற்றுக் கையோடு லாக் பதிவைத் திறந்தேன். வெப்பநிலை நெடுவரிசையில் ஒன்பது நாளாக எண்ணே இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு 144 தடவை, வரிசையாக நேன், நேன், நேன்.

எச்சரிக்கை எழுதிய நிரல் என்னுடையதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. வெப்பம் 85ஐ விட அதிகமா, சிவப்பு. 75ஐ விட அதிகமா, மஞ்சள். இரண்டும் இல்லையா, பச்சை. யாரிடம் காட்டினாலும் சரி என்றுதான் சொல்வார்கள். எங்கள் குழுவில் இரண்டு பேர் பார்த்துச் சரி என்று சொல்லியும் இருந்தார்கள்.

நேன் (NaN) என்பது 'இது எண் அல்ல' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் அதை 'நான்' என்றுதான் உச்சரிப்பார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ஒருவர் "நான் நானுக்குச் சமமில்லை" என்று விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டபோது சித்தர் பாட்டு ஏதோ ஓடுகிறது என்று நினைத்தேன். ஆனால் விஷயம் அதுவேதான். நேனை எதனோடு ஒப்பிட்டாலும் பதில் 'இல்லை'. 85ஐ விட அதிகமா? இல்லை. 85ஐ விடக் குறைவா? இல்லை. 85க்குச் சமமா? இல்லை. தனக்குத்தானே சமமா? அதுவும் இல்லை. 'சமமில்லை' என்ற ஒரே ஒரு கேள்விக்குத்தான் 'ஆமாம்' என்று வரும். என் நிரல் இரண்டு கேள்வி கேட்டது, இரண்டுக்கும் 'இல்லை' வந்தது, மிச்சமிருந்தது பச்சை.

இந்த நடத்தை யாரோ கவனக்குறைவாக விட்டது இல்லை. கணினியில் தசம எண்களைக் கையாள 1985ல் வந்த ஐஇஇஇ 754 என்ற தரம் இதைத் தெரிந்தே வகுத்தது. அதன் பின்னணியில் இருந்தவர்களில் முக்கியமானவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த வில்லியம் கஹான். 1989ல் டூரிங் விருது பெற்றவர். அந்தத் தரம் வருவதற்கு முன் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பழக்கம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் ஒன்று நின்றுவிடும், இன்னொன்று எதையாவது கொடுத்துவிட்டுப் போகும். பெரிய கணக்கு ஒன்று இரவெல்லாம் ஓடும்போது நடுவில் ஒரு படி கெட்டதற்காக எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். கெட்டதற்கு ஒரு அடையாளம் போட்டு மேலே போகலாம், முடிவைப் பிறகு மனிதன் எடுக்கட்டும் என்பதுதான் யோசனை. தனக்குத்தானே சமமில்லாமல் வைத்ததில் ஒரு நடைமுறை வசதியும் இருந்தது: நேனா என்று கேட்கத் தனிக் கட்டளை எந்த மொழியிலும் இல்லாத காலத்தில், ஒரு மாறி தனக்கே சமமில்லை என்றால் அது நேன் என்று கண்டுபிடித்துவிடலாம்.

கணினியில் ஒரு தசம எண்ணின் உள்ளே பார்த்தால் 64 பிட். முதல் பிட் குறிக்கு, அடுத்த 11 அடுக்குக்கு, மிச்சம் 52 பின்னத்துக்கு. அந்த 11ம் ஒன்றாக இருந்து, பின்னம் முழுக்கப் பூஜ்யம் என்றால் முடிவிலி. பின்னத்தில் ஒரு பிட்டாவது ஒன்றாக இருந்தால் நேன். ஆக நேன் என்பது ஒரே மதிப்பு கூட இல்லை. 9,00,71,99,25,47,40,990 வடிவங்கள் இருக்கின்றன. 1ஐப் பூஜ்யத்தால் வகுத்தால் நேன் வராது, முடிவிலிதான் வரும். இதை இன்டர்வியூவில் கேட்டால் பாதிப் பேர் தப்பாகச் சொல்கிறார்கள். பூஜ்யம் வகுத்தல் பூஜ்யம், முடிவிலி கழித்தல் முடிவிலி, பூஜ்யம் பெருக்கல் முடிவிலி, மைனஸ் எண்ணின் வர்க்கமூலம் போன்றவைதான் நேனைப் பெற்றுப்போடுகிறவை.

14ஆம் நம்பரில் நேன் கணக்கில் பிறக்கவில்லை. வெளியிலிருந்தே வந்தது. சென்சார் கம்பி அதிர்வில் விட்டுப்போயிருந்தது. கம்பி அறுந்தால் அந்த சென்சார் மாட்யூல் நேன் அனுப்பும் என்று அதன் கையேட்டில் போட்டிருக்கிறது. நான் அந்தப் பக்கம் வரைக்கும் போகவில்லை. மாட்பஸ் என்ற தொடர்பு முறை வழியாக இரண்டு 16 பிட் ரெஜிஸ்டர் வரும், இரண்டையும் சேர்த்தால் ஒரு 32 பிட் ஃப்ளோட், அதாவது தசம எண். டெஸ்ட் டூலில் பார்த்தால் 32704, 0 என்று தெரியும். 32704ஐப் பைனரியில் எழுதினால் 0111111111000000. அடுக்குக்கான எட்டு பிட்டும் ஒன்று, பின்னத்தின் முதல் பிட் ஒன்று. அசல் நேன். அப்போதிலிருந்து 32704 என்ற எண்ணை எங்கே பார்த்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இதோடு இன்னொரு கூத்தும் வெளியே வந்தது. வேறு நிறுவனத்தின் மாட்யூல் சில மெஷின்களில் இருந்தது, அது ரெஜிஸ்டர் இரண்டையும் இடம் மாற்றி அனுப்பும். அதற்கேற்ப நாங்கள் மாற்றிப் படித்துக்கொண்டிருந்தோம், ஒரு மெஷினில் மட்டும் அந்த செட்டிங் விட்டுப்போயிருந்தது. அங்கே கம்பி அறுந்தபோது 0, 32704 என்று படித்திருக்கிறோம். அது நேன் இல்லை, 4.58 பெருக்கல் 10இன் மைனஸ் 41ஆம் அடுக்கு. நுண்ணிய, ஆனால் முறையான எண். டாஷ்போர்டில் 0.00 டிகிரி. ஆரல்வாய்மொழி வெயிலில், ஓடுகிற கியர்பாக்ஸ் பேரிங் பனிக்கட்டியாக உறைந்திருப்பதாக எங்கள் திரை மூன்று வாரம் காட்டியிருக்கிறது. யாரும் கேட்கவில்லை. பச்சையாக இருந்ததல்லவா.

அன்று ராத்திரி பதற்றத்தில் நான் செய்த முதல் திருத்தத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நேன் வந்த இடத்திலெல்லாம் பூஜ்யம் போட்டேன். பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகத்தில் ஒரு வரி. வரைபடத்தில் ஓட்டை மறைந்தது, மனசுக்கு இதமாக இருந்தது. மறுநாள் காலை 14ஆம் நம்பரின் மாதச் சராசரி வெப்பம் கண்டபடி இறங்கி, சைட்டிலேயே நன்றாகக் குளிர்ந்து ஓடுகிற மெஷின் என்று முதலிடத்தில் வந்து நின்றது. உடனே பூஜ்யத்தை எடுத்துவிட்டு, கடைசியாக வந்த நல்ல மதிப்பையே நீட்டிப் போட்டேன். 62 டிகிரி என்று ஒன்பது நாளும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு வரி. அதுவும் பச்சை. கம்பி அறுந்துவிட்டது என்று சென்சார் ஒழுங்காகத்தான் சொன்னது. அதை அழித்து எழுதியது நான்.

இடைவெளியை நிரப்பவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பத்து நிமிட அளவீடு ஒன்று விட்டுப்போனால் முன்னும் பின்னும் பார்த்து நிரப்பலாம், அதற்கு ஒரு வரம்பு வேண்டும். நாங்கள் இப்போது மூன்று அளவீடு வரை மட்டும் நிரப்புகிறோம், நிரப்பியது எது என்று பக்கத்து நெடுவரிசையில் குறித்தும் வைக்கிறோம். அரை மணி நேரத்துக்கு மேல் போனால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்.

எச்சரிக்கை நிரலுக்கு வருவோம். இரண்டு மாற்றம் செய்தேன். முதலாவது, நேனா என்று எடுத்ததுமே கேட்டு, ஆம் என்றால் சாம்பல் நிறம். பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றோடு நாலாவதாக 'தெரியவில்லை' என்று ஒரு நிலை. இரண்டாவதுதான் எனக்கு இன்றைக்கும் அதிகம் கைகொடுப்பது: கேள்வியின் முகத்தைத் திருப்பி வைத்தேன். 'அதிகமா' என்று கேட்டு, இல்லை என்றால் பச்சை என்பதற்குப் பதில், 75ஐ விடக் குறைவா என்று கேட்டு, 'ஆமாம்' வந்தால் மட்டும் பச்சை. பிறகு 85ஐ விடக் குறைவா, மஞ்சள். எதுவும் தேறவில்லையென்றால் சிவப்பு. சாம்பல் சோதனையை நாளைக்கு யாராவது தவறுதலாக அழித்துவிட்டாலும், நேன் தானாகச் சிவப்பில் போய் விழும். நல்ல முடிவு எதுவோ அதற்கு 'ஆமாம்' என்ற பதிலைக் கட்டாயமாக்குவது. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட எந்த நிரலைப் பார்த்தாலும் இப்போது என் கண் முதலில் 'மற்றதெல்லாம் இங்கே' என்கிற அந்த 'எல்ஸ்' கிளைக்குத்தான் போகிறது: எந்தக் கேள்வியிலும் சிக்காதவன் கடைசியில் எங்கே போய் விழுகிறான்?

2020ல் ரோபோரேஸ் பந்தயத்தில் ஓட்டுநர் இல்லாத கார் ஒன்று கிளம்பிய வேகத்தில் வலது பக்கம் திரும்பி நேரே சுவரில் முட்டியது. ஸ்டியரிங்குக்குப் போன கட்டளை நேன் ஆகிவிட்டதாக அந்தக் குழுவைச் சேர்ந்தவரே பிறகு விளக்கினார். அந்த வீடியோவைப் பார்த்து உலகமே சிரித்தது. எனக்கு 14ஆம் நம்பர்தான் ஞாபகம் வந்தது.

திருத்திய நிரலை மடிக்கணினியில் ஓட்டினேன், நேன் கொடுத்தால் சாம்பல் வந்தது. சைட்டில் இருக்கும் கேட்வே பெட்டியில் ஏற்றினேன், பச்சை வந்தது. அதே நிரல், அதே உள்ளீடு. இரண்டு நாள் மண்டை காய்ந்தது. கடைசியில் பில்ட் கோப்பில் கண்டுபிடித்தேன்: கேட்வேக்கான பில்டில் யாரோ வேகத்துக்காக 'ஃபாஸ்ட் மேத்' என்ற ஆப்ஷனைப் போட்டிருந்தார்கள். நிரலைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றுகிற ஜிசிசி கம்பைலரிடம் இதைச் சொன்னால், 'இந்த நிரலில் நேனும் முடிவிலியும் வரவே வராது, நான் உறுதி' என்று நாம் சத்தியம் செய்து கொடுத்த மாதிரி. அது நம்மை நம்பி, நேனா என்று கேட்கும் சோதனையை 'வீண் வேலை' என்று துடைத்துப்போட்டுவிடும். நான் கேள்வியைத் திருப்பி வைத்திருந்ததையும் தன் இஷ்டத்துக்கு மறுபடி திருப்பிக்கொள்ளும் உரிமை அதற்கு உண்டு. ஆப்ஷனை எடுத்துவிட்டு வேகத்தை அளந்து பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிற நிரலுக்கு எந்த வேகம் வேண்டியிருக்கிறது?

அதே பெட்டியில் இன்னொன்றும் பட்டது. வெப்பத்தை முழு எண்ணாக்கி ஒரு இடத்தில் பதிவு செய்துகொண்டிருந்தோம். நேனை முழு எண்ணாக்கினால் என்ன வரும் என்று சி மொழி உறுதி எதுவும் கொடுக்கவில்லை. என் மடிக்கணினியின் இன்டெல் சில்லு -2147483648 கொடுத்தது. கேட்வேயின் ஆர்ம் சில்லு 0 கொடுத்தது. முதலாவதைப் பார்த்தால் எவனும் திடுக்கிடுவான். இரண்டாவது சத்தமில்லாமல் போய்விடும். சோதனை நடந்தது முதலாவதில், பிழைப்பு நடப்பது இரண்டாவதில்.

இதெல்லாம் வெளியிலிருந்து வந்த நேனின் கதை. எங்கள் கணக்குக்குள்ளேயே பிறக்கிறவையும் இருந்தன, அவற்றைப் பிடிப்பதுதான் கஷ்டம். எங்கோ ஒரு வரியில் பிறந்து, கூட்டலில் ஒட்டி, பெருக்கலில் ஒட்டி, நாற்பது வரி தாண்டி அறிக்கையின் கடைசிக் கட்டத்தில்தான் தலைகாட்டும். பின்னாலிருந்து தேடிப் போவதற்கு முன்னால் காத்திருந்து பிடிப்பது மேல். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் பழைய ஃபோர்ட்ரான் ஆசாமி ஒருவர். சில்லுக்குள் 'செல்லாத செயல்' என்று ஒரு கொடி இருக்கிறது. நல்ல எண்களிலிருந்து புதிதாக நேன் பிறக்கும்போது அந்தக் கொடி உயரும். ஏற்கெனவே இருக்கிற அமைதி நேனை (கணக்கில் சத்தமில்லாமல் பரவுகிற சாதாரண வகை) கூட்டினாலோ பெருக்கினாலோ உயராது. அந்தக் கொடி உயர்ந்த உடனே நிரலை நிறுத்து என்று சொல்லி வைத்தால், சரியாகப் பிரசவ அறையிலேயே போய் நிற்கலாம். ஜிஎன்யு சி நூலகத்தில் அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையில் 'செட்எர்' என்ற கட்டளையில் இன்வாலிட் என்பதற்கு ரெய்ஸ் என்று கொடுத்தால் போதும். நேரடி ஓட்டத்தில் வேண்டாம், சோதனை ஓட்டத்தில் எப்போதும் போட்டு வைக்கிறோம்.

அந்தக் கொடிக்கு இன்னொரு குணமும் உண்டு. அமைதி நேனைச் 'சமமா' என்று கேட்டால் கொடி உயராது. 'அதிகமா', 'குறைவா' என்று கேட்டால் உயரும், தரத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. 14ஆம் நம்பரின் ஒன்பது நாள் தரவை ஃபாஸ்ட் மேத் இல்லாமல், பழைய எச்சரிக்கை நிரலிலேயே ஓட்டிக் கொடியைப் பார்த்தேன். ஒவ்வொரு பத்து நிமிடமும், 85ஐ விட அதிகமா என்று கேட்ட ஒவ்வொரு தடவையும், உயர்ந்துகொண்டே இருந்தது.

இப்படி காத்திருந்து பிடித்ததில் முதல் ஆள் திட்டவிலக்கம். காற்றின் வேகம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்க்க அது வேண்டும். 'வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழி, மூலம் எடு' என்ற பள்ளிக்கூடச் சூத்திரத்தைப் போட்டிருந்தோம். காற்றுமானி சிக்கி, விடாமல் 7.3 என்று ஒரே எண்ணைச் சொன்ன ஒரு நாளில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், வித்தியாசம் பூஜ்யம். வந்ததோ மைனஸ் 0.0000000000000071. 7.3இன் வர்க்கம் 53.29, அந்த அளவுள்ள எண்ணில் 64 பிட் ஃப்ளோட்டின் கடைசி பிட் மதிப்பு இவ்வளவுதான். ஒரே ஒரு பிட் சறுக்கல். ஆனால் மைனஸ் மைனஸ்தான், வர்க்கமூலம் நேன். பலர் இங்கே 'பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யம்' என்று ஒட்டுப்போடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. வித்தியாசம் சின்னதாக இருக்கும்போது அந்தச் சூத்திரமே குப்பைதான் கொடுக்கும், மைனஸ் வராத நாளில் கூட. முதலில் சராசரி எடுத்து, பிறகு ஒவ்வொன்றின் விலகலையும் வர்க்கமாக்கிக் கூட்டுவது நல்லது. எண்கள் ஓடையாக வந்துகொண்டே இருந்தால் வெல்ஃபோர்ட் 1962ல் கொடுத்த முறை இருக்கிறது, பத்து வரி கூட ஆகாது.

அந்த விலக்கத்தைச் சராசரி வேகத்தால் வகுத்தால் காற்றின் கொந்தளிப்பு அளவு. காற்றே இல்லாத பத்து நிமிடத்தில் பூஜ்யம் வகுத்தல் பூஜ்யம். இதற்கு மருந்து கணக்கில் இல்லை, அர்த்தத்தில் இருக்கிறது: இலை அசையாத நேரத்தில் கொந்தளிப்பு எவ்வளவு என்று கேட்பதே அபத்தம். வினாடிக்கு மூன்று மீட்டர் வேகத்துக்குக் கீழே கணக்கிடுவதையே விட்டோம்.

ஆனால் என்னை உட்கார வைத்துவிட்டது வெய்புல் கணக்குதான். காற்றாலைத் தொழிலில் ஒரு இடத்தின் காற்று எப்படிப் பரவியிருக்கிறது என்பதை வெய்புல் வளைவால் சொல்வார்கள். அதன் வடிவ எண் ஒன்றை, ஊகித்துத் திருத்தி, மறுபடி திருத்தி, மாற்றம் நின்றுபோகும் வரை சுற்றிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தின் அடுக்கையும் வேகத்தின் மடக்கையையும் பெருக்கிக் கூட்டுவோம். வேகம் பூஜ்யம் என்றால்? பூஜ்யத்தின் அடுக்கு பூஜ்யம். பூஜ்யத்தின் மடக்கை மைனஸ் முடிவிலி. இரண்டையும் பெருக்கினால் நேன். ஐம்பதாயிரம் அளவீட்டில் ஒன்று பூஜ்யமாக இருந்தால் போதும், கூட்டுத்தொகை மொத்தமும் போச்சு. நாங்கள் நிரலைச் சோதித்தது சீசன் தரவில். ஆடிக் காற்றில் பூஜ்யம் எங்கிருந்து வரும்? நவம்பர் தரவு உள்ளே வந்ததும் உடைந்தது.

உடைந்தது என்று சொன்னேனே, அதுதான் இல்லை. சுற்று எப்படி எழுதியிருந்தது என்றால், 'மாற்றம் பத்து லட்சத்தில் ஒன்றை விட அதிகமாக இருக்கும் வரை சுற்று'. முதல் சுற்றிலேயே மாற்றம் நேன். நேன் பத்து லட்சத்தில் ஒன்றை விட அதிகமா? இல்லை. சுற்று முடிந்தது. லாக்கில் 'ஒரே சுற்றில் விடை கிடைத்தது' என்று பெருமையாக ஒரு வரி. அதே கதைதான், 14ஆம் நம்பரின் அதே கதை. எல்ஸ் கிளைக்குப் பதில் இங்கே வொயில் சுற்று. 'குறைவாக இல்லாத வரை' என்று திருப்பி எழுதினால் விடியும் வரை சுற்றும், ஆகவே சுற்றுக்கு ஒரு உச்ச வரம்பும், வெளியே வந்ததும் விடை முறையான எண்ணா என்ற சோதனையும் வைத்தோம். பூஜ்யங்களைத் தனியே எடுத்து, காற்றில்லாத நேரம் எத்தனை சதவீதம் என்று வேறாகச் சொல்கிறோம்.

இதில் மனிதக் கை ஒன்றும் இருந்தது. பாண்டாஸ் எக்செல் கோப்பில் நேனைக் காலிக் கட்டமாக எழுதும். பழைய அறிக்கைகளைப் புரட்டியபோது, வடிவ எண் இருக்க வேண்டிய கட்டங்களில் கணக்காக 2 என்று இருந்தது. காலியாக வந்ததைப் பார்த்து யாரோ கையால் அடித்திருக்கிறார்கள். தரவு இல்லாதபோது பாடப்புத்தகம் எடுத்துக்கொள்கிற மதிப்பு அது, அடித்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சராசரிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம்பையில் சராசரி எடுத்தால் ஒரு நேன் இருந்தாலும் விடை நேன். பாண்டாஸில் எடுத்தால் நேனைத் தாண்டிவிட்டு மிச்சத்துக்குச் சராசரி. இரண்டுக்கும் நியாயம் உண்டு, ஒரே அறிக்கையில் இரண்டும் கலந்தால் நியாயம் கிடையாது. 31 நாள் மாதத்தில் 4464 அளவீடு இருக்க வேண்டும். 200 மட்டும் வந்திருந்தாலும் பாண்டாஸ் அழகாக ஒரு சராசரி கொடுக்கும், பார்க்க 4464இன் சராசரி மாதிரியேதான் இருக்கும். கூட்டுத்தொகை இன்னும் மோசம்: எல்லாமே நேன் என்றால் பாண்டாஸின் கூட்டுத்தொகை பூஜ்யம். தொடர்பு அறுந்து கிடந்த ஒரு நாளுக்கு 'இன்று உற்பத்தி 0 யூனிட்' என்று மெஷின் முதலாளி ஒருவருக்குச் செய்தி போய்விட்டது. ஆடி மாதம், கூரை ஓடு பறக்கிற காற்று, 0 யூனிட். அவர் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது. கூட்டும்போது குறைந்தபட்சம் ஒரு மதிப்பாவது வேண்டும் என்று 'மின் கவுண்ட்' கொடுத்தால் பூஜ்யத்துக்குப் பதில் நேன் வரும். அந்த ஒரு சொல் இல்லாததால் வந்த வினை.

பைத்தானின் சாதாரண 'மேக்ஸ்' வேறு ரகம். பட்டியலின் முதலில் நேன் இருந்தால் விடை நேன். நடுவில் இருந்தால் கண்டுகொள்ளாது. காரணம் அதே ஒப்பீடுதான், முதலில் உட்கார்ந்தவனை யாராலும் 'நான் உன்னை விடப் பெரியவன்' என்று எழுப்ப முடியாது. சில மெஷின்களில் நள்ளிரவு லாகர் மீண்டும் தொடங்கும்போது நாளின் முதல் அளவீடு எப்போதும் விட்டுப்போகும், அங்கே மட்டும் நாளின் உச்ச வெப்பம் நேன். மற்றவற்றில் எண் வந்தது. மெஷினில்தான் கோளாறு என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தோம். நேன் கலந்த பட்டியலை வரிசைப்படுத்தினாலும் இதே கதி, பாதி அடுக்கி பாதி அடுக்காமல் வரும்.

தரவுத்தளமும் உலாவியும் தனித்தனி ஊர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் நேனும் நேனும் சமம், எல்லா எண்ணையும் விட நேன் பெரியது. அதிக வெப்பமான பத்து மெஷின் என்று கேட்டால் கம்பி அறுந்த மெஷின்கள்தான் முதலில் வந்து நிற்கும். 'நல்' (null, மதிப்பே இல்லை என்ற குறி) என்பதும் நேனும் அங்கே வெவ்வேறு, 'நல்'லை வடிகட்டினால் நேன் போகாது. உலாவிக்குத் தரவு அனுப்பும் ஜேசான் வடிவத்தில் பைத்தான் எழுதும்போது நேனை அப்படியே எழுதிவிடும், ஜேசான் விதியில் அதற்கு இடமில்லை என்பதால் உலாவி முழுப் பக்கத்தையும் படிக்க மறுத்து வெள்ளையாக நிற்கும். எழுதும் இடத்திலேயே 'அலவ் நேன்' என்பதை மறுத்து வைத்தோம். இப்போது பிழை எங்கள் பக்கத்திலேயே வெடிக்கிறது. வாடிக்கையாளர் திரையில் வெடிப்பதற்கு இது எவ்வளவோ தேவலாம்.

சாம்பல் நிறம் வந்த முதல் வாரம் டாஷ்போர்டில் ஐந்தில் ஒரு கட்டம் சாம்பலாக இருந்தது. அதுவரை அவையெல்லாம் பச்சை. மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. "வாடிக்கையாளர் பார்த்தால் நம் சிஸ்டம் ஓடவில்லை என்று நினைப்பார், இளம் பச்சையாகவாவது போடு" என்றார். நான் முடியாது என்றேன். பேச்சு நீண்டு, கடைசியில் ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் இன்று வர வேண்டிய அளவீட்டில் எத்தனை வந்தது என்று சின்னதாக ஒரு எண் போடுவதாக முடிந்தது. 144க்கு 139, 144க்கு 12 என்று.

இப்போது அண்ணாச்சி காலையில் அந்த மூலை எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார். போன வாரம் கூப்பிட்டார். "தம்பி, 22ல பதினொண்ணுதான் வந்திருக்கு. சூடு என்னன்னு கேக்கல, கம்பி இருக்கான்னு கேக்கேன். ஆள ஏத்தவா?"